போட்டோவில் யார் இல்லை?

அன்புள்ள தம்பி, தங்கைகளே!

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் எத்தனை பாடம் பாக்கி என்று இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை. பயப்படாமல் படியுங்கள்!

உங்கள் பள்ளியில் இந்த வருடத்தோடு படிப்பை முடித்து வெளியே போகிற வகுப்பைக் கவனித்திருக்கிறீர்களா? தொடக்கப் பள்ளி என்றால் அது ஐந்தாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டு. உயர்நிலைப் பள்ளி என்றால் பத்து. மேல்நிலைப் பள்ளி என்றால் பிளஸ் டூ. வருடக் கடைசியில் அவர்கள் முகமே மாறிவிடும். நேற்று வரை ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் சண்டை போட்டவர்கள் இன்று ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். ஆட்டோகிராப் நோட்டு பெஞ்சுக்கு பெஞ்ச் போகும். 'என்னை மறந்துடாதே' என்று எல்லோரும் ஒரே வரியை எழுதி வைப்பார்கள். கடைசித் தேர்வு முடிந்ததும் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துவிட்டு, வீட்டில் அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்குவார்கள்.

அதற்கெல்லாம் முன்பு ஒரு நாள் குரூப் போட்டோ எடுப்பார்கள். மரத்தடியில் பெஞ்சுகளை வரிசையாகப் போடுவார்கள். உயரமானவர்கள் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். நடுவில் நாற்காலிகளில் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும். முன்வரிசைக் குட்டையர்களுக்குத் தரையில் சம்மணம். 'கண்ணை மூடாதீங்க கண்ணுகளா, எல்லாரும் இங்க பாருங்க' என்பார் போட்டோகிராபர். கிளிக்! யாராவது ஒருவர் கண்ணை மூடித்தான் இருப்பார். அது வேறு விஷயம்.

அந்தப் போட்டோவை இருபது, முப்பது வருடம் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எடுத்துக் காட்டி, 'இவன் இப்போ துபாய்ல இருக்கான், இவ டீச்சர் ஆயிட்டா' என்று விரல் வைத்துச் சொல்வார்கள். அப்போது நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். 'இந்தப் போட்டோவில் யார் இல்லைங்கப்பா?'

கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு ஒரு பெயர் வரும். 'ஆமாம்... ஒருத்தன் இருந்தான். நல்லா கபடி விளையாடுவான். ஏழாவதோட நின்னுட்டான்.'

இந்த வாரம் அந்த நின்று போனவர்களைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

ஏழு வருடம், ஒரு வகுப்பு

நம் கொங்கு மண்டலத்தில் சமீபத்தில் பள்ளியை முடித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினார்களே, அந்த அண்ணன்களும் அக்காக்களும். கோவை, திருப்பூர், ஈரோடு என்று உங்கள் தெருவிலேயே அவர்களில் யாராவது இருப்பார்கள்.

அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 2018 ஜூன் மாதம். அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. பளபளவென்று வண்ணப் படங்கள், பக்க ஓரத்தில் செல்போனில் படம் பிடித்தால் பாடம் காட்டும் கியூ.ஆர். கட்டம். அந்தப் புதிய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதன்முதலில் பிரித்து முகர்ந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

ஏழாம் வகுப்பு முடியப் போகிற நேரம். 2020 மார்ச். கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். முழு ஆண்டுத் தேர்வு கிடையாது, ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. முதலில் குதியாட்டம்தான்! ஒரு மாதம், இரண்டு மாதம் ஆனதும் சலித்துவிட்டது.

எட்டாம் வகுப்பு முழுக்க அவர்கள் வகுப்பறையைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கி வந்தார்கள். சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பாடம் கல்வித் தொலைக்காட்சியில் நடந்தது. சில வீட்டில் டி.வி. இருந்தது. சில வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும்.

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் விட்டுப் போனவர்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றரை வருடம்! குரல் உடைந்திருந்தது. உயரம் கூடியிருந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்து, இவன் யார், அவள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தார். 'உள்ளேன் ஐயா', 'உள்ளேன் டீச்சர்' என்று குரல்கள் வந்தன. நடுவில் ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. மறுபடியும் வாசித்தார். பின் பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்கள்: 'சார், அவன் வேலைக்குப் போறானுங்க சார்.'

கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ வகுப்பறைகளில் இப்படி நடந்தது. ஊரடங்கில் அப்பாவுக்கு வேலை போயிருக்கும். வீட்டில் சும்மா இருக்கும் பையனை 'பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் வந்து நில்லு' என்று யாரோ கூட்டிப் போயிருப்பார்கள். பள்ளி திறந்தது. பையன் திரும்பவில்லை.

இவர்களுக்கு இரண்டு வருடம் மூத்த வகுப்பில் இது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அவர்கள் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதாமலேயே தேர்ச்சி பெற்றவர்கள். 2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் டூ முதல் தேர்வு. தமிழ்ப் பாடம். அன்றைக்கு மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுத வரவில்லை! ஹால் டிக்கெட் இருந்தது. பெஞ்சில் எண் ஒட்டியிருந்தது. ஆள்தான் இல்லை. எல்லோரும் அதிர்ந்து போனார்கள். ஆனால் அந்த 50 ஆயிரம் பேரும் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. அதற்கு வெகு நாள் முன்பே பலர் ஒருவர் பின் ஒருவராக வகுப்பை விட்டு நழுவியிருந்தார்கள்.

சதவீதம் சொல்லாத கணக்கு

2025 மே 8-ஆம் தேதி பிளஸ் டூ முடிவுகள் வந்தன. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். மாவட்ட வரிசையில் முதலிடம் அரியலூர். அடுத்த மூன்று இடமும் நம் பக்கம்தான்: ஈரோடு 97.98, திருப்பூர் 97.53, கோவை 97.48. கைதட்டலாம்! கொரோனாவில் ஒரு வகுப்பு முழுவதையும் வீட்டில் கழித்தவர்கள் வாங்கிய தேர்ச்சி இது. அவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கைதட்டி முடித்தாயிற்றா? இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புத் தம்பிகூடப் போடலாம்.

ஒரு வகுப்பில் 40 பேர் சேர்ந்தார்கள். நடுவில் 5 பேர் நின்றுவிட்டார்கள். மீதி 35 பேர் தேர்வு எழுதினார்கள். 35 பேரும் பாஸ். தேர்ச்சி எத்தனை சதவீதம்?

நூறு சதவீதம்! பள்ளி வாசலில் பேனர் கட்டலாம். ஆனால் சேர்ந்த 40 பேரில் 35 பேர் என்று கணக்குப் போட்டால் 87.5 சதவீதம்தான். இரண்டு கணக்கிலும் தப்பில்லை. தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் எண்ணுகிறது. நடுவில் நின்றவர்களை அது எண்ணுவதில்லை.

மாநில அளவிலும் பார்ப்போம். 2025-ல் பிளஸ் டூ முடித்தவர்கள் 2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள். அப்போது எழுதியவர்கள் சுமார் 9 லட்சத்து 14 ஆயிரம் பேர். இரண்டு வருடம் கழித்துப் பிளஸ் டூ எழுதியவர்கள் சுமார் 7 லட்சத்து 92 ஆயிரம் பேர். வித்தியாசம் 1 லட்சத்து 22 ஆயிரம். இவர்கள் எல்லோரும் படிப்பை விட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர்கள் உண்டு. ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீசியன் படிக்கப் போனவர்கள் உண்டு. வேறு பாடத்திட்டத்துக்கு மாறியவர்களும் உண்டு. அவையும் நல்ல வழிகள்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாமல் போனவர்கள், எங்கேயும் சேராமல் வேலைக்குப் போனவர்கள், வீட்டோடு நிறுத்தப்பட்டவர்கள் ஆகியோரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் தேட வேண்டும்.

வேலை கூப்பிடும் ஊர்

நம் ஊரில் ஏன் பிள்ளைகள் நிற்கிறார்கள்? ஒரு காரணத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நம் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை!

திருப்பூரில் பனியன் கம்பெனிகள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள். கோவையில் ஸ்பின்னிங் மில், பவுண்டரி, லேத் பட்டறை. பொள்ளாச்சியில் தேங்காய் நார். எங்கே திரும்பினாலும் 'ஆட்கள் தேவை' என்று ஒரு போர்டு தொங்கும். இந்தத் தொழில்கள்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிய வைக்கின்றன. அவற்றில் உழைக்கிற பெரியவர்களை வணங்க வேண்டும்.

ஆனால் அந்த போர்டைப் பள்ளிப் பையனும் படிக்கிறான். பனியனில் பிசிறு வெட்டவும், தறிக்குத் தார் சுற்றவும் பெரிய பயிற்சி தேவையில்லை. சனிக்கிழமை வந்தால் கையில் சம்பளம். தம்பிக்கு ஒரு பரோட்டா, அம்மாவுக்கு ஒரு சேலை, தனக்கு ஒரு செல்போன். பள்ளிக்கூடம் தருவது பத்து வருடம் கழித்துக் கிடைக்கும். சம்பளம் இந்தச் சனிக்கிழமையே கிடைக்கிறது. வீட்டில் கடன் இருந்தாலோ, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, 13 வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

அதனால்தான் இதைப் பிள்ளையின் முடிவுக்கு விடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். 14 வயது முடியாதவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வயது வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது. பெண்ணுக்கு 18 வயது ஆகும் முன் கல்யாணம் செய்வதும் குற்றம். இவை ஏட்டில் மட்டும் இருந்தால் போதுமா? பக்கத்து பெஞ்ச் காலியானதை யாராவது பார்த்துச் சொன்னால்தானே சட்டம் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்!

இன்னொரு காரணம், குடும்பம் இடம் மாறுவது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்கி வருகிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து திருப்பூரில் குடியிருக்கிறார்கள். ஜனவரியில் ஊர் மாறினால் அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளி சேர்க்கும்? டி.சி. கைக்கு வரவில்லையே என்று பெற்றோர் தயங்குவார்கள். தயங்கித் தயங்கியே ஒரு வருடம் ஓடிவிடும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. நடுவில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது பல பெரியவர்களுக்கே தெரியாது. இன்று சாயங்காலம் வீட்டில் சொல்லுங்கள்.

வழுக்கும் படிகள்

பள்ளிப் படிப்பு ஒரு மாடிப்படி என்றால், சில படிகளில் மட்டும் பாசி பிடித்திருக்கும். அங்கேதான் கால் வழுக்கும்.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போவது முதல் படி. தெருமுனைப் பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். புது ஆசிரியர்கள், புது முகங்கள், பஸ் பயணம். எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போவது இரண்டாவது படி. பள்ளி இன்னும் தூரமாகும், பாடம் இன்னும் கடினமாகும். பத்தாம் வகுப்பு மூன்றாவது படி. ஒரு பாடத்தில் தவறினாலும் 'எனக்குப் படிப்பு வராது' என்று புத்தகத்தை மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒரு துணைத் தேர்வு உண்டு. 2025-ல் பிளஸ் டூவில் தேர்ச்சி பெறாத 39 ஆயிரம் பேருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. விழுந்த இடத்திலேயே எழுந்துகொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் படிகளில் கைப்பிடி போடத்தான் பெரியவர்கள் காலம் காலமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். பசி என்ற படியில் பிள்ளைகள் வழுக்குவதைப் பார்த்துத்தான் காமராஜர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தூரம் என்ற படிக்கு இலவச பஸ் பாஸும் சைக்கிளும் வந்தன. பள்ளி முடிந்து கல்லூரிக்கு ஏறும் படியில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நம் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள்.

இத்தனையும் இருந்தும் சிலர் வழுக்குகிறார்கள். ஏனென்றால் சாப்பாட்டையும் சைக்கிளையும் அரசாங்கம் கொடுக்கலாம். 'நீ வராம கிளாஸ் நல்லாவே இல்லை, நாளைக்கு வா' என்று சொல்ல அரசாங்கத்தால் முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஜி.டி. நாயுடு படிக்கவில்லையே?

உங்களில் ஒரு கெட்டிக்காரர் இப்போது கையைத் தூக்குவார். 'ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்தானே? காமராஜரும் அப்படித்தானே? அவர்கள் பெரிய ஆளாகவில்லையா?'

நல்ல கேள்வி! கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு ஓடவில்லை. ஆனால் மோட்டாரையும் இயந்திரங்களையும் தானாகக் கழற்றி மாட்டிக் கற்று, பஸ் கம்பெனி நடத்தி, புதுப் புதுக் கருவிகள் கண்டுபிடித்து உலகையே வியக்க வைத்தார். உண்மைதான். அப்படிப்பட்டவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? பள்ளியை விடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாகப் பாடுபட்டார்! ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்று தொடங்கியது அது. இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கல்லூரிக்குப் பின்னாளில் பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்திலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பொறியியல் படித்தார். இஸ்ரோவுக்குப் போனார். 2008 அக்டோபர் 22-ஆம் தேதி நிலாவை நோக்கிக் கிளம்பிய சந்திரயான்-1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநர் அவர்தான். மயில்சாமி அண்ணாதுரை.

பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவர் பாடுபட்ட கல்லூரியில், ஒரு கிராமத்துப் பிள்ளை முழுதாகப் படித்து நிலா வரை கை நீட்டினார். காமராஜரும் தான் இழந்த பள்ளிக்கூடத்தை ஊர் ஊராகத் திறந்து வைத்தார். படிப்பின் அருமை, அது கிடைக்காதவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாதியில் நின்று ஜெயித்தவர்களின் பெயரை நாம் விரல் விட்டு எண்ணுகிறோம். பாதியில் நின்று வருந்துகிறவர்களை எண்ண விரல் போதாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

'நாங்க சின்னப் பசங்க, எங்களால என்னங்க முடியும்?' என்கிறீர்களா? ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத்தான் தெரியும். அவன் இரண்டு நாளாக மௌனமாக இருந்தது தெரியும். அவள் பென்சில் பாக்ஸைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டது தெரியும். அதனால் இந்தச் சில காரியங்களைச் செய்யுங்கள்.

மூன்று நாள் ஒருவர் வராவிட்டால் விசாரியுங்கள். வீடு பக்கத்தில் என்றால், அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, நண்பர்களோடு போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போகாமல் அந்த மூன்று நாள் பாடக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். விட்ட பாடம் மலையாகக் குவிந்துவிட்டது என்ற பயமே பலரை நிரந்தரமாக நிறுத்திவிடுகிறது.

விஷயம் பெரிது என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். 'டீச்சர், அவ பத்து நாளா வரலைங்க, மில்லுக்கு அனுப்பப் போறாங்களாம்' என்று ஒரு வரி போதும். இது கோள் சொல்வது ஆகாது. கிணற்றில் விழப் போகிறவரைப் பார்த்துச் சத்தம் போடுவதைக் கோள் என்போமா?

ஆசிரியரிடம் சொல்ல முடியாத நிலை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. படிப்பு சம்பந்தமான சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருகிறவரைக் கேலி செய்யாதீர்கள். ஒரு வருடம் விட்டுவிட்டு வருகிற அண்ணன் உங்களைவிட உயரமாக இருப்பார். வாய்ப்பாடு மறந்திருக்கலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்த தங்கைக்கு 'ழ' வராமல் இருக்கலாம். நீங்கள் சிரிக்கிற ஒரு சிரிப்பில் அவர்கள் மறுபடியும் போய்விடுவார்கள். 'வாங்க, இங்க உட்காருங்க' என்று நகர்ந்து இடம் கொடுத்தால் இருந்துவிடுவார்கள். மரியாதையோடு 'வாங்க' என்று கூப்பிடுவதில் நம் கொங்கு நாட்டுக்காரர்களை மிஞ்ச ஆள் உண்டா என்ன!

கடைசியாக ஒன்று. வகுப்பு தொடங்கிய முதல் நாளில் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருடக் கடைசியில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு பெயர்கூடக் குறையாமல் இருந்தால், உங்கள் வகுப்புக்கு நான் கொடுக்கும் மார்க் நூற்றுக்கு நூறு. யாராவது குறைந்திருந்தால், லீவு விடும் முன்பே அவரைத் தேடிப் போங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்களோடு சேர்த்து அழைத்து வாருங்கள்.

இந்த வருடம் பள்ளியை முடித்து வெளியே போகிற அண்ணன், அக்காக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிவு உபசார விழாவில் பேசுங்கள், பாடுங்கள், அழுங்கள். ஆட்டோகிராப் நோட்டு எல்லோரிடமும் சுற்றி வந்த பிறகு, கடைசியாக ஒரு பக்கம் மீதி வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு, நடுவில் நின்று போன உங்கள் தோழனிடம் போங்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிற நேரமாக இருக்கலாம். தறிக்கூடத்து வாசலாக இருக்கலாம். 'நீயும் எங்க கிளாஸ்தான், எழுது' என்று நோட்டை நீட்டுங்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் ஐ.டி.ஐ.யில் சில தொழிற்பிரிவுகள் உண்டு என்ற சேதியையும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் அன்றைக்கே கிளம்பி வராமல் போகலாம். ஆனால் தன் பெஞ்ச் தன்னை மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். பல பேர் திரும்பிப் படிக்க வந்தது அந்த ஒரு தைரியத்தில்தான்.

தம்பி, தங்கைகளே, உங்கள் வகுப்புக்கும் ஒரு நாள் பெஞ்ச் போட்டு, வரிசையாக நிற்க வைத்து, கிளிக் செய்வார்கள். அன்றைக்கு முதல் நாள் சேர்ந்த எல்லோரும் அதில் நிற்க வேண்டும். நெருக்கியடித்து நின்றாலும் பரவாயில்லை. யாராவது கண்ணை மூடியிருந்தாலும் பரவாயில்லை!

நாளைக்கு வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாகச் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். எந்த இடம் காலியாக இருக்கிறது?

அன்புடன்,
ஆசிரியர்